பிரேக் ஹோஸ் மாற்றுமுன் அந்த இரும்புக் குழாய் நட்டைப் பாருங்கள்

கேள்வி: பத்து வருடம் ஓடிய கார். முன் சக்கர பிரேக் ஹோஸ் இரண்டிலும் வெளி ரப்பர் வெடித்திருக்கிறது. சில நாட்களாக ஓட்டி நிறுத்தினால் வலது முன் சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பிரேக் பேட் நானே மாற்றியிருக்கிறேன். ஹோஸையும் வீட்டில் மாற்றலாமா?

பேட் மாற்றிய கைக்கு இது முடிகிற வேலைதான். ஆனால் பேட் மாற்றும்போது பிரேக் லைனைத் திறக்க மாட்டோம், இதில் திறக்கிறோம். அதனால் வேலையைப் பாதியில் விட்டால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். பாதியில் விடவேண்டி வருமா என்பதை ஹோஸ் முடிவு செய்வதில்லை. ஹோஸின் மேல்முனையில் சேரும் இரும்புக் குழாயின் நட்தான் முடிவு செய்யும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சக்கரம் சூடாவதற்கு ஹோஸ்தான் காரணமா என்று பாருங்கள். ஹோஸின் உள்சுவர் உப்பிப்போனால், நீங்கள் மிதிக்கும் அழுத்தம் பேடை அழுத்தும் காலிப்பருக்குப் போய்விடும், காலை எடுத்ததும் திரும்பி வராது. சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுங்கள். சக்கரம் இறுகியே நின்றால் காலிப்பரின் ஏர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) சற்றே திறங்கள். திரவம் பீய்ச்சிச் சக்கரம் விட்டுக்கொடுத்தால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். ஒரு சக்கரத்தில் மட்டும் அப்படியென்றால் சந்தேகம் ஹோஸ் மேல்தான். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் விடவில்லையா? காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. அதற்குப் புது ஹோஸ் போட்டுப் பயனில்லை. ஆனால் உங்கள் ஹோஸ்கள் வெளியே வெடித்திருப்பதால் எப்படியும் மாற்றியே ஆகவேண்டும், இரு பக்கமும் சேர்த்து.

வாங்கும்போது உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரியதாகக் கேளுங்கள். பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், முனைகளின் வடிவம், நடுவே வரும் பிராக்கெட் மூன்றையும் ஒப்பிடுங்கள். கூடவே புது செம்பு வாஷர் (ஹோஸின் வளைய முனையைக் காலிப்பரில் பிடிக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட் ஒன்றுக்கு இரண்டு), மேல்முனை கிளிப், மூடி திறக்காத 1 லிட்டர் பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், அது எண்ணெயே அல்ல. அதன் தரத்தை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எது வேண்டும் என்பது திரவத் தொட்டியின் மூடியிலேயே இருக்கும். இன்ஜின் ஆயில், டீசல், கிரீஸ் எதுவும் இந்தத் திரவத்தில் கலக்கக் கூடாது. சிறிது கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

இப்போது அந்த நட். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலைகள் மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும், குழாய் நுழைய ஒரு பக்கம் வெட்டுள்ள ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு 10 அல்லது 11 மி.மீ. பொருந்தும். முதல் நாள் மாலையே கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு விடுங்கள். மறுநாள் ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். குழாயின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுகத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று திருப்பிப் பார்ப்போம் என்றால் குழாய் கிழிந்துவிடும். அப்போது புது இரும்புக் குழாய் வளைத்து முனை விரிக்க வேண்டிவரும். அது வேறு வேலை, அதற்கான கருவியும் வேறு. நட்டை நெருப்பு வைத்துச் சூடாக்க நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் தீப்பிடிக்கும்.

நட் அசைந்துவிட்டதா? லேசாக மறுபடி இறுக்கி வைத்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைப் பாருங்கள். சமதரை, சக்கரங்களுக்கு அடைகட்டை, ஜாக்கி ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கை வைக்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுங்கள். பெடலை 3 செ.மீ. அளவு அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தத்தைத் திரவ அழுத்தமாக்கும் பகுதி) தொட்டியிலிருந்து வரும் வழி அடைபட்டு, ஒழுக்கு சில சொட்டுகளோடு நின்றுவிடும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு சக்கரத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்தது. மேல் நட்டைக் கழற்றி, கிளிப்பை உருவி, காலிப்பர் முனையைக் கழற்றுங்கள். திறந்த குழாயின் வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள், தூசி போகக் கூடாது. பெயின்ட் மேல் திரவம் பட்டால் துடைத்துவிட்டு விடாதீர்கள். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

பொருத்தும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். ஹோஸின் காலிப்பர் முனையே மரையுள்ள, சுழலாத முனை என்றால் அதைத்தான் முதலில் முழுதாக இறுக்க வேண்டும். மேல்முனையை முதலில் மாட்டிவிட்டுக் கீழே திருகினால் ஹோஸ் முறுகும். பேஞ்சோ முனை என்றால் அதன் இருபுறமும் ஒவ்வொரு புது வாஷர் வைத்துப் போல்ட்டைக் கையால் திருகி, ஹோஸை இயல்பாக விழவிட்டு மேல்முனையை கிளிப்பில் உட்கார வைத்து, பிறகு இரண்டையும் இறுக்குங்கள். ஹோஸின் நீளவாக்கில் ஒரு கோடு இருந்தால் அது சுருளாமல் நேராக ஓட வேண்டும். இரும்புக் குழாயின் நட்டை எப்போதும் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். ஸ்பேனர் போட்டுத்தான் ஏறுகிறது என்றால் மரை மாறி ஏறுகிறது.

இறுக்கத்துக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. பல கார்களில் பேஞ்சோ போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், குழாய் நட்டுக்கு 12 முதல் 18. மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். குழாயின் விரிந்த முனை ஹோஸில் அழுந்துவதே கசிவை அடைக்கிறது, டேப்பின் துணுக்கு பிரேக்குக்குள் போனால் வம்பு.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா, எங்காவது இழுபடுகிறதா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

அடுத்து ஏர் எடுப்பது. பெடலின் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, தொட்டியை நிரப்புங்கள். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மெல்ல அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடுங்கள். நிப்பிள் மூடிய பிறகே கால் மேலே வர வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே. பெடல் தரைவரை போகாதபடி கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை சீல் தொடாத பகுதியில் அழுக்கு இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். ஒவ்வொரு சில அழுத்தத்துக்கும் தொட்டியைப் பார்த்து நிரப்புங்கள். தொட்டி காலியானால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பகுதி) காற்று போய்விடும், பல கார்களில் அதை எடுக்க ஸ்கேன் கருவி வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது கார்தோறும் மாறும், அதையும் மேனுவலில் பாருங்கள்.

எல்லாம் முடிந்து பெடல் இறுகியதும், இன்ஜின் ஓட, பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் கசிவு இருக்கிறது, பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இருக்கிறது. இரு முனைகளையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். சக்கரத்தை மாட்டி, காலியான இடத்தில் நடைவேகத்தில் சில முறை பிரேக் அடித்த பிறகே சாலைக்கு. மறுநாள் காலை தொட்டியின் அளவையும் முனைகளையும் ஒருமுறை பாருங்கள். வலது சக்கரம் இன்னும் சூடாகிறதென்றால் அடுத்து காலிப்பரைப் பிரிக்க வேண்டும்.