மகரந்தப் பொடி கொடுத்தால் பட்டாம்பூச்சிக்கு ஆயுள் கூடுமா?

கேள்வி: எருக்கஞ்செடியில் கிடைத்த புழுக்களை வலைக்கூண்டில் வளர்க்கிறேன். வெளிவரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் இரண்டு வாரத்தில் செத்துப்போகின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்து ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சி மகரந்தம் உண்டு ஆறு மாதம் வாழ்கிறதாமே. சர்க்கரைத் தண்ணீரில் மகரந்தப் பொடி கலக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பூச்சிக்கு அது செரிக்காது. தண்ணீர் சீக்கிரம் புளிப்பதுதான் மிச்சம்.

ஹெலிகோனியஸும் மகரந்தத்தை விழுங்குவதில்லை. உறிஞ்சுகுழலில் உருண்டையாக ஒட்டவைத்து, எச்சிலை விட்டு, குழலைச் சுருட்டியும் விரித்தும் மணிக்கணக்கில் பிசைகிறது. கரைந்துவரும் அமினோ அமிலத்தை (புரதத்தின் கட்டுமானப் பொருள்) மட்டும் குடிக்கிறது. பெண் மாதக்கணக்கில் முட்டையிட முடிவது அதனால்தான்.

இதில் பங்குள்ளதாக ஆய்வாளர்கள் கருதும் நொதி கொக்கூனேஸ். பட்டு அந்துப்பூச்சி கூட்டை இளக்கி வெளிவரப் பயன்படுத்துவதும் இதைத்தான். (அப்படி வெளிவந்தால் இழை அறுந்துபோகும் என்றுதான் கூடுகளை முன்பே அவித்துவிடுகிறார்கள்.) பட்டாம்பூச்சி பட்டுக்கூடு கட்டுவதில்லை, மரபணு மட்டும் தங்கிவிட்டது. ஹெலிகோனியஸில் அது இரட்டித்துப் பல நகல்களானது. ஒரு நகல் பழைய வேலையைப் பார்த்தால் இன்னொன்று மாறத் தடையில்லை. அந்த நகல்கள் இப்போது உறிஞ்சுகுழலில் இயங்குகின்றன.

இன்னொன்று: மகரந்தமே இல்லாமல் கூண்டில் வைத்தாலும் ஹெலிகோனியஸ் தன் உறவினங்களைவிட நீண்ட நாள் இருக்கிறது. மூப்பு தள்ளிப்போவது அதன் உடம்பிலேயே ஊறியது. தீனியால் மட்டும் வந்ததல்ல. அதனால் இரண்டு வாரத்தை உங்கள் வளர்ப்பின் குற்றமாக எண்ண வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது, இருக்கிற ஆயுளை வீணாக்காமல் பார்ப்பது. 100 மி.லி. தண்ணீருக்கு 10 முதல் 15 கிராம் சர்க்கரை போதும். கெட்டியானால் குழலில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பஞ்சில் நனைத்து வையுங்கள். கிண்ணத்தில் ஊற்றினால் பூச்சி விழுந்து இறக்கை ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் காலையில் வைத்தது மாலைக்குள் புளித்துவிடும், தினமும் மாற்றுங்கள். குடிக்காத பூச்சியின் கால்களை ஈரப் பஞ்சில் வையுங்கள். காலிலேயே ருசி தெரியும், பெரும்பாலும் குழல் தானாக விரியும்.

உடம்புக்கான புரதத்தில் பெரும்பகுதியைப் புழுப்பருவமே சேர்த்துவைக்கிறது. ஆகவே வாடாத எருக்கிலையைத் தட்டுப்பாடின்றிக் கொடுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலோரத்துச் செடியை மட்டும் தொடாதீர்கள். இலைக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. புழு சுருண்டு விழுந்த பிறகுதான் தெரியவரும்.