ஒமேகா-3 குறைந்தால் மீன் எண்ணெய் மாத்திரை தேவையா?

70 வயது தாண்டிய அப்பாவுக்கு ரத்தத்தில் ஒமேகா-3 குறைவு, மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தால் தமனி சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒமேகா-3 போன்ற, நாம் சாப்பிடும் கொழுப்பு அமிலங்கள் சிவப்பணுக்களின் சவ்வில் போய்ச் சேர்கின்றன. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால் சிவப்பணுக்களில் ஒமேகா-3 அளந்திருந்தால், அது நேற்றைய சாப்பாட்டை அல்ல, சில மாதப் பழக்கத்தைக் காட்டுகிறது. இந்த அளவு கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சரி, மாத்திரையால் அளவைக் கூட்டினாலும் அதே பலன் வருமா? 2018-ல் வெளியான வைட்டல் ஆய்வில் 50 வயது கடந்த 25,000-க்கும் மேற்பட்டோருக்குத் தினம் 1 கிராம் மாத்திரையோ மருந்தே இல்லாத போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமுள்ள சிலருக்கு மருத்துவரே, சுத்திகரித்த இபிஏ (ஒமேகா-3 வகைகளில் ஒன்று) மருந்தைத் தினம் 4 கிராம் தருவதுண்டு. அது வேறு கதை. அதிக அளவில் எடுத்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்தும் கூடுகிறது. முதியவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

வயதாக ஆகத் தமனிச் சுவரின் மீள்தன்மை குறைந்து, மேல் ரத்த அழுத்தம் ஏறும். எனவே ரத்த அழுத்தம், எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் இவற்றை முதலில் கவனியுங்கள். அப்புறம், நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் மீன், கொட்டைகள், விதைகளைச் சேருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் மீன் எண்ணெயைத் தொடங்கவே வேண்டாம்.