பச்சை, கச்சா, குரூட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் வேலைக்கு வந்த பிறகு பழகியது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், ஒரு இயந்திரப் பாகத்துக்கு வரைபடம் போட்டு அனுப்பியிருந்தார். யோசனை நல்ல யோசனை. கொஞ்சம் செப்பனிட்டால் போதும் என்று நினைத்து, ‘யுவர் டிசைன் இஸ் குரூட்’ என்று மின்னஞ்சலில் பதில் எழுதினேன். நகல் பிரிவில் உள்ள எல்லோருக்கும் போயிற்று. அவர் மனம் நொந்துபோய் விடுப்பு எடுத்துவிட்டார். அகராதியில் ‘பண்படாத, செப்பமில்லாத’ என்றுதான் இருக்கிறது. குரூட் ஆயில் என்று தினமும் செய்தியில் கேட்கிறோம், அதில் என்ன இழிவு இருக்கிறது? பச்சையான, பதப்படுத்தாத என்று பொருள்படும் ‘ரா’ என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்குமா? இன்னொன்று: மாங்காயை ‘ரா மேங்கோ’ என்பதே தவறு என்கிறார் எங்கள் மேலாளர். அது உண்மையா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண் வருந்தியதில் முழு நியாயம் இருக்கிறது. உங்கள் மனதில் இருந்த பொருளை அவரால் பார்க்க முடியாது. அவர் முன்னால் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது ‘அரைகுறையாக, கைக்கு வந்தபடி செய்திருக்கிறாய்’ என்றே விழும். அதுவும் மற்றவர்கள் படிக்கும்படி.

அகராதி உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ‘குரூட்’ என்ற பெயரடை தனியாக நிற்கும்போது அதன் தன்மை தெரியாது. அதை ஒட்டி வரும் பெயர்ச்சொல்தான் அதைத் தீர்மானிக்கிறது. மண்ணிலிருந்தோ மரத்திலிருந்தோ எடுத்தபடி இருக்கும் பொருளோடு சேர்ந்தால் அதில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் கிணற்றிலிருந்து வருவதும், சென்னை மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கப்பலில் வந்து சேர்வதும் குரூட் ஆயில்தான். இன்னும் காய்ச்சிப் பிரிக்கவில்லை, அவ்வளவே. எண்ணெய்ச் சந்தையில் ‘ஸ்வீட் குரூட்’ என்றுகூட ஒரு வகை உண்டு. கந்தகம் அரை சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் எண்ணெய்க்கு அந்தப் பெயர். அதற்கு விலையும் கூடுதல். எண்ணெய்க்கு ஆக்கியோன் என்று ஒருவர் இல்லை. ஆகவே அங்கே யாரும் புண்படுவதில்லை.

புள்ளிவிவரத்திலும் அப்படித்தான். ‘குரூட் டெத் ரேட்’ என்றால் ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்ற எண். யார் முதியவர், யார் இளையவர் என்று பிரித்துச் சரிக்கட்டாத கணக்கு. பிறப்பு இறப்புகளை மாதிரி இடங்களில் கணக்கெடுக்கும் இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறைப்படி, 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் இது 7, பீகாரில் 5.4. கேரளத்தில் மருத்துவம் மோசம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே முதியவர்கள் அதிகம், பீகாரில் இளைஞர்கள் அதிகம். இந்த எண்ணை வைத்து இரு மாநிலங்களின் மருத்துவத்தை எடைபோடாதீர்கள் என்று எச்சரிப்பதற்கே அந்தச் சொல் முன்னால் நிற்கிறது. தமிழில் இதைக் ‘கச்சா இறப்பு விகிதம்’ என்று எழுதுவதுண்டு. நல்ல மொழிபெயர்ப்புதான், ஆனால் இந்த எச்சரிக்கையையும் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இனி மனிதர் கையால் அல்லது வாயால் ஆன ஒன்றுக்கு வருவோம். வரைபடம், குடிசை, கருவி, கள்ளக் கையெழுத்து, நகைச்சுவை, வாதம். இவற்றுக்கு முன்னால் ‘குரூட்’ போட்டால், செய்தவரின் திறமையையோ உழைப்பையோ ரசனையையோ குறை சொன்னதாகிவிடும். ‘குரூட் டிராயிங்’ என்றால் வரையத் தெரியாதவர் வரைந்தது. ‘குரூட் ஃபோர்ஜரி’ என்றால் பார்த்தவுடன் அம்பலமாகிவிடும் மோசடி. ‘குரூட் ஆர்கியுமென்ட்’ என்றால் நுணுக்கம் தெரியாத, தடாலடியான வாதம். பேச்சோடு சேர்ந்தால் இன்னும் ஒரு படி கீழே போகிறது. ‘குரூட் ஜோக்’, ‘குரூட் ரிமார்க்’ இரண்டும் ஆபாசத்தைக் குறிப்பவை. ஒரு மனிதரையே ‘ஹி இஸ் குரூட்’ என்றால், நாகரிகம் தெரியாதவர், வாயில் அசிங்கம் வருபவர் என்று பொருள். படிப்பு குறைவான, வெள்ளந்தியான ஒருவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு இந்தச் சொல்லை எழுதிவிடும் தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவருக்குச் செய்யும் பெரிய அநீதி.

இந்த இரட்டைப் பொருள் நமக்குப் புதிதல்ல. நம் ‘பச்சை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, பச்சைத் தண்ணீர், பச்சைக் காய்கறி என்றால் வேகாதது, காய்ச்சாதது. ‘பச்சையாகப் பேசினான்’ என்றால்? அதே சொல், பேச்சோடு சேர்ந்தவுடன் முகம் சுளிக்க வைக்கிறது. பச்சைத் தண்ணீர் இருக்கிறதே என்று பச்சையான பேச்சையும் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. குரூட் ஆயிலை வைத்து உங்கள் வாக்கியத்தை நியாயப்படுத்த முடியாததும் இதனால்தான்.

சொல்லின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லத்தீனில் ‘குரூடுஸ்’ என்றால் வேகாத, இரத்தம் வடியும் என்று பொருள். அதிலிருந்தே ‘குரூட்’ வந்தது, கொடுமையைக் குறிக்கும் ‘குரூயல்’ வந்தது. ‘ரா’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஆனாலும் பின்னோக்கிப் போனால் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில்தான் போய் முடிகிறது. சமஸ்கிருதத்தின் ‘க்ரூர’ என்பதும் அந்த வேரைச் சேர்ந்ததே. நாம் ‘குரூரம்’ என்று சொல்லும்போது ‘குரூட்’டின் தூரத்து உறவினரைத்தான் அழைக்கிறோம். பச்சை இரத்தத்திலிருந்து ஒரு பக்கம் கொடுமையும் இன்னொரு பக்கம் செப்பமின்மையும் கிளைத்திருக்கின்றன.

உறவு இருந்தும் ‘ரா’வும் ‘குரூட்’டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. ‘ரா’ இனி வரப்போவதைப் பார்க்கிறது. ‘ரா டேலன்ட்’ என்றால் பயிற்சி கிடைத்தால் பெரிய உயரத்துக்குப் போகக்கூடிய திறமை. மனம் திறந்த பாராட்டு. ‘ரா டேட்டா’ என்றால் யாரும் கைவைக்காத தரவு. ஆய்வாளர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ‘ரா மெட்டீரியல்’ சொல்லவே வேண்டாம். ‘குரூட்’ இதுவரை நடந்ததைப் பார்க்கிறது: யாரோ செய்து முடித்துவிட்டார், அதன் லட்சணம் இது. ‘குரூட் டேலன்ட்’ என்று எவரும் பாராட்ட மாட்டார்கள்.

அதற்காக ‘யுவர் டிசைன் இஸ் ரா’ என்று எழுதியிருக்கலாமா என்றால், கூடாது. அவமானமாக இராது, ஆனால் தெளிவாகவும் இராது. ஓவியத்துக்கோ கவிதைக்கோ சொன்னால் அதன் வேகத்தை வியப்பதாக எடுத்துக்கொள்வார்கள். இயந்திரப் பாகத்தின் வரைபடத்துக்குச் சொன்னால், எந்த அளவைத் திருத்துவது, எந்த மூலையைச் சரிசெய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு வேண்டியிருந்த சொல் ‘ரஃப்’. முதல் வரைவை ‘ரஃப் டிராஃப்ட்’ என்பதில் ஒரு குறையும் இல்லை, எல்லோருடைய முதல் வரைவும் அப்படித்தான் இருக்கும். ‘த ஐடியா இஸ் குட். த டிராயிங் இஸ் ஸ்டில் ரஃப் இன் எ ஃபியூ பிளேசஸ்’ என்று எழுதி, எந்த இடங்கள் என்று கீழே வரிசையாகக் குறிப்பிட்டிருந்தால் அவர் அன்று மாலையே திருத்தி அனுப்பியிருப்பார். ‘ஸ்டில்’ என்ற அந்தச் சிறு சொல்லை விட்டுவிடாதீர்கள். வேலை நடந்துகொண்டிருக்கிறது, முடிந்துவிடவில்லை என்பதை அதுதான் சொல்கிறது.

‘குரூட்’டை நல்லபடியாகப் பயன்படுத்தும் இடமும் உண்டு: அது உங்களைப் பற்றியே இருக்கும்போது. ‘திஸ் இஸ் எ குரூட் எஸ்டிமேட்’ என்று உங்கள் சொந்தக் கணக்கைச் சொன்னால் அது அடக்கம், நேர்மையும்கூட. ‘டு புட் இட் குரூட்லி’ என்று தொடங்கினால், நுணுக்கங்களை விட்டுவிட்டு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அடுத்தவர் கணக்கை நீங்கள் குரூட் என்றால் அது கண்டனம்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். யோசனை நன்றாக இருந்தது என்று எனக்குச் சொன்னீர்கள், அவருக்குச் சொல்லவில்லை. முதல் மின்னஞ்சல் யாருக்கெல்லாம் போயிற்றோ அவர்கள் எல்லோருக்கும் இதுவும் போகட்டும்.

மாங்காய் விஷயத்தில் உங்கள் மேலாளர் பாதி சரி. இங்கிலாந்தில் உணவைப் பற்றி ‘ரா’ என்றால் சமைக்காதது என்றே பொருள். அங்கே நன்றாகப் பழுத்த மாம்பழமும், சமைக்காதவரை, ‘ரா’தான். காயைச் சொல்ல ‘கிரீன் மேங்கோ’ அல்லது ‘அன்ரைப் மேங்கோ’ என்பார்கள். இந்திய ஆங்கிலத்தில் ‘ரா மேங்கோ’, வாழைக்காய்க்கு ‘ரா பனானா’, பச்சரிசிக்கு ‘ரா ரைஸ்’ எல்லாம் உணவகப் பட்டியல் முதல் மளிகைக் கடை வரை வேரூன்றிவிட்டன. இங்கே எழுதும்போது அவற்றைத் தவறு என்று அடிக்க நான் ஒப்ப மாட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஊறுகாய் அனுப்புகிறவர் மட்டும் சீட்டில் ‘கிரீன் மேங்கோ’ என்று போட்டுவிடுவது நல்லது.