மருந்துகள் விந்தணுவையும் ஆண் ஹார்மோனையும் பாதிக்குமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: வயது 31, கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுக்கிறார். நடுவில் சிறுநீரகக் கல்லுக்கு டாம்சுலோசின். அதற்கு முன்னால் ஜிம்மில் சில மாதம் ஊசி. இதெல்லாம் விந்தணுவைப் பாதிக்குமா, நிறுத்தினால் பழையபடி வருமா என்கிறார்.

பாதிக்கும். ஆனால் மூன்றும் மூன்று விதம். எல்லோரும் பயப்படுவது முடி மாத்திரைக்கு; பயப்பட வேண்டியது ஊசிக்கு.

நான் மதுரையில் ஒரு லேபில் டெக்னீஷியன். விந்துப் பரிசோதனையெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். டாக்டர் இல்லை, அதனால் எந்த மருந்தையும் நிறுத்து, மாற்று என்று இங்கே சொல்லப் போவதில்லை. மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிகிறது, அதை டாக்டர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது வரைக்கும் சொல்லலாம்.

எங்கள் படிவத்தில் 'இப்போது எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பையனும் அப்படித்தான் எழுதியிருந்தான். மாடு பிடிக்கிற உடம்பு, சட்டைக் கை புஜத்தில் இறுகிக் கிடந்தது. மாதிரி கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் அது நீர்த்தது. அளவு சரி, நிறம் சரி. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் எதுவும் ஓடவில்லை. ஓடுவது மட்டுமல்ல, செத்துக் கிடப்பதுகூட ஒன்று இல்லை. இந்த மாதிரி நேரத்தில் உடனே பூஜ்ஜியம் என்று எழுதிவிடக் கூடாது. மீதியை சென்ட்ரிபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்துத் தேட வேண்டும். தேடினேன், அங்கேயும் இல்லை.

கூப்பிட்டு, "தம்பி, மாத்திரை மருந்து ஏதும் எடுக்குறீங்களா?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே."

"ஜிம்முல ஏதும் போட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது மருந்தில்லண்ணே, சத்து ஊசி. வாரம் ஒண்ணு. மாஸ்டர் வாங்கிக் குடுத்தாரு."

அட்டைப் பெட்டியின் படம் போனில் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட், அதாவது ஆண் ஹார்மோன் ஊசி. கூடவே அதே வகையைச் சேர்ந்த நாண்ட்ரோலோன், ஜிம்மில் டெக்கா என்பார்கள். அதற்குள் அவன் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் அடைப்புப் பரிசோதனை எல்லாம் முடிந்திருந்தது. நம்ம பக்கத்தில் ஆண் கடைசியாகத்தான் லேபுக்கு வருவான். அந்தப் பெண் வலியோடு குழாய்ப் பரிசோதனை செய்துகொள்வதற்கு முன்னால், இந்தச் சின்னப் பரிசோதனையை முடித்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆண் ஹார்மோனை ஏற்றினால் அணு கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்ஹெச் வந்தால்தான் விரையில் உள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். எஃப்எஸ்ஹெச், விந்தணுவை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்களை வேலை செய்ய வைக்கும். வீட்டு மாடித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் வைத்திருப்பார்களே, லாரித் தண்ணீரை வாங்கி அதில் நிரப்பிவிட்டால் மோட்டார் ஓடாது. அதே கதைதான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்து கிடப்பதைப் பார்த்ததும் பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். அந்த அளவை அங்கேயே சுரந்தால்தான் எட்ட முடியும், வெளியிலிருந்து போடுகிற ஊசியால் முடியாது. விரையும் நாளடைவில் சுருங்கும்.

உலக சுகாதார நிறுவனமே இதை ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட். 1990இல் வெளியான அந்த முடிவில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் எண்ணிக்கை பூஜ்ஜியம் ஆகியிருந்தது. அதாவது கருத்தடைக்குச் சோதித்த மருந்தைத்தான் பையன்கள் சத்து ஊசி என்று போட்டுக்கொள்கிறார்கள்.

ஊசி ஓடுகிற வரை ஆசைக்கும் விறைப்புக்கும் குறைவே தெரியாது. அதனால் சந்தேகமே வராது. விட்ட பிறகுதான் சோர்வு, எரிச்சல், ஆசைக் குறைவு எல்லாம் வரும், ஏனென்றால் சொந்தச் சுரப்பு எழுந்து வர மாதக்கணக்கில் ஆகும். இந்த இடத்தில்தான் பலர் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள். போகாமல் டாக்டரிடம் போனால், தேவையைப் பொறுத்து குளோமிஃபீன் மாத்திரையோ ஹெச்சிஜி ஊசியோ கொடுத்து பிட்யூட்டரியையும் விரையையும் கிளப்பிவிடப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எண்ணிக்கை திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். எவ்வளவு காலம், எத்தனை மருந்து கலந்து போட்டார் என்பதைப் பொறுத்தது.

எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருக்கும்போது எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ரத்த அளவுகள்தான் வழி காட்டும். இரண்டும் அடிமட்டத்தில் இருந்தால் மேலிருந்து உத்தரவே வரவில்லை என்று அர்த்தம். வெளி ஹார்மோனோ, பிட்யூட்டரிக் கோளாறோ காரணமாக இருக்கும். எஃப்எஸ்ஹெச் மிக அதிகமாக இருந்தால் உத்தரவு வருகிறது, விரையால்தான் முடியவில்லை. முதல் வகைக்குத்தான் நம்பிக்கை அதிகம்.

முடி மாத்திரைக்கு வருவோம். ஃபினாஸ்டரைடு டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை. அது டிஹெச்டி என்ற வீரியமான வடிவமாக மாறுவதைத் தடுக்கிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், முடிக்கு 1 மில்லிகிராம். 1 மில்லிகிராமில் நல்ல எண்ணிக்கை உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை. ஏற்கனவே எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களில் சிலருக்கு இன்னும் இறங்கும், நிறுத்தினால் ஏறும். கொஞ்சம் பேருக்கு ஆசை, விறைப்பு குறைவதும் உண்டு. குழந்தைக்கு முயற்சி செய்கிற காலத்தில் முடியா குழந்தையா என்று டாக்டரிடம் நேராகவே பேசிவிடுவது நல்லது. டுடாஸ்டரைடு எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது உடம்பை விட்டுப் போக மாதங்கள் ஆகும்.

கல் மாத்திரை இன்னொரு கதை. நம்ம வெயிலுக்கும், தண்ணீர் குடிக்காமல் அலைகிற வேலைக்கும் சிறுநீரகக் கல் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. கல் இறங்க டாம்சுலோசின் கேப்ஸ்யூல் சில வாரம் எழுதுவார்கள். அது சிறுநீர்ப்பை வாய்ப் பகுதித் தசையைத் தளர்த்துவதால் விந்து குறைவாக வரும், சில நேரம் வெளியே வராமலே போகும். அந்தச் சமயத்தில் மாதிரி கொடுத்தால் ரிப்போர்ட்டில் 0.3 மில்லி என்று வந்து குடும்பமே பதறும். குறைந்தபட்சம் 1.4 மில்லி எதிர்பார்ப்போம். ஆனால் விந்தணு உருவாவதற்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து நின்ற சில நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டு வாதத்துக்கும் தருகிற சல்பாசலசின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும். நிறுத்தினால் மீளும். குடல் நோய்க்கு என்றால் மெசலமைனுக்கு மாற்றிக்கொடுப்பார்கள். மனநோய்க்குத் தருகிற ரிஸ்பெரிடோன், பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றி அந்த வழியாக டெஸ்டோஸ்டிரோனை இறக்கும். வலிக்காக மாதக்கணக்கில் எடுக்கிற மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளும் இறக்கும். ரத்த அழுத்தத்துக்கும் நீர் வீக்கத்துக்கும் தருகிற ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோனின் வேலையையே தடுக்கும். மன அழுத்த மாத்திரைகள் சிலவற்றில் விந்து வெளியேறுவது தாமதமாகும். இதைப் படித்துவிட்டு மனநல மாத்திரையை நாளைக்கே நிறுத்துகிறவர் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். எழுதிய டாக்டரிடம் "குழந்தைக்கு முயற்சி பண்றோம்" என்று ஒரு வரி சொன்னால் போதும், மாற்று வழி இருந்தால் அவரே பார்ப்பார்.

புற்றுநோய் மருந்து மட்டும் தனி. சைக்ளோபாஸ்பமைடு போன்றவை விந்தணுவின் மூலச் செல்லையே அழிக்கக்கூடியவை; சிலருக்குத் திரும்பவே வராது. கீமோ தொடங்கும் முன்னால் விந்தை உறைய வைத்துவிட வேண்டும். ஓரிரு நாள் வேலைதான். அந்தக் கலவரத்தில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், நாமாகத்தான் கேட்க வேண்டும்.

பருத்திப்பால் பற்றியும் சிலர் கேட்பார்கள். பருத்தி விதையில் கோஸிபால் என்ற பொருள் உண்டு. 1970களில் சீனாவில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு அதைக் கருத்தடை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை குறைந்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு அணு திரும்பவே இல்லை, ஆகவே கைவிட்டார்கள். அது பிரித்தெடுத்த மருந்தைத் தினமும் மாதக்கணக்கில் விழுங்கியது. சாயங்காலம் ரோட்டோரத்தில் எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பதை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பயப்படுவதாக இருந்தால் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களின் பெயரில்லாப் பொடிக்குப் பயப்படலாம். அந்த வகைப் பொடிகளில் வயாகராவில் உள்ள சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. விறைப்பு வரும், எண்ணிக்கை ஏறாது.

கேட்டவருக்கு: ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 72 நாள், வெளியே வரத் தயாராக இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே எந்த மாற்றமும் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று மாதம் ஆகும். போன மாதம் நிறுத்திவிட்டு இந்த மாதம் பார்த்தால் பழைய கணக்குதான் வரும். இடையில் டெங்கு, வைரல் காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை விழும், அதையும் சொல்லுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுங்கள். முதல் சொட்டு வெளியே சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதில்தான் அணு அதிகம். டெஸ்டோஸ்டிரோன், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் மூன்றையும் காலையிலேயே, பத்து மணிக்குள், எடுத்துவிடுங்கள். யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போகும்போது முடி மாத்திரை அட்டை, கல்லுக்கு எழுதிய சீட்டு, ஊசிப் பெட்டியின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். மனைவி கூட இருப்பதால் ஊசியைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டரிடம் இரண்டு நிமிடம் தனியாகக் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.