அரசு, நாடாளுமன்றம், நீதிமன்றம்: யார் யாரைத் தடுப்பது? கேள்வி பதில்

இந்திய அரசமைப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சட்டம் போடுவது நாடாளுமன்றம், நடத்துவது அரசு, தீர்ப்பு சொல்வது நீதிமன்றம். அவ்வளவுதானே சார்?

பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான். நம் நாட்டில் அமைச்சர்களே அவை உறுப்பினர்கள், அதனால் முதல் இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் கிடையாது. அவை கூடாத நேரத்தில் அரசு அவசரச் சட்டம்கூடப் போடலாம், ஆனால் அவை மறுபடி கூடிய 6 வாரத்தில் அது காலாவதியாகிவிடும். பீகாரில் என்ன செய்தார்கள் என்றால், சட்டமன்றத்துக்கே கொண்டுபோகாமல் அதே அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தார்கள், சில 14 ஆண்டுகள் வரை உயிரோடு இருந்தன! இது அரசமைப்பின் மீதான மோசடி என்று 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: முதல் திருத்தமே சென்னையால் வந்தது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பேச்சுரிமை, நிலச் சீர்திருத்தம் பற்றிய வழக்குகளும் அதற்குக் காரணம். ஆனால் இடஒதுக்கீடு பற்றிய பகுதி முழுக்க நம் ஊர்க் கதைதான். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவம், பொறியியல் இடங்களை 14, 14ஆகப் பிரித்து ஒவ்வொரு சாதி, மதப் பிரிவுக்கும் இத்தனை என்று கொடுத்து வந்தார்கள். செண்பகம் துரைராஜன் தொடர்ந்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அன்றிருந்த அரசமைப்பின் எழுத்தின்படி அந்தத் தீர்ப்பில் பெரிய பிழை சொல்ல முடியாது, ஏனென்றால் கல்வியில் பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அதன் அடிப்படை உரிமைகள் பகுதியில் எங்கேயும் இல்லை. பெரியார் உட்படப் பலர் தெருவில் இறங்கிப் போராடினார்கள், ஜூன் மாதமே நாடாளுமன்றம், அப்படிச் செய்யலாம் என்று சொல்லும் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. இன்று பிற்பட்ட வகுப்பிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியென்றால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா?

முடியாது. 1973 கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து 7-6 என்ற கணக்கில், திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பில், அதாவது அரசமைப்புக்கு உயிரான அம்சங்களில், கை வைக்கக் கூடாது என்றார்கள். இரண்டே ஆண்டில் அதற்குச் சோதனை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 39ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள், இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் அந்த உட்பிரிவு ரத்தானது.

கேள்வி: நீதிமன்றமே தவறினால் யார் கேட்பது?

முக்கியமான கேள்வி. நெருக்கடி நிலையில் ஆளைப் பிடித்துச் சிறையில் போட்டால் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் 4-1 எனத் தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான், மூத்தவராக இருந்தும் அவருக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்கவில்லை. அந்தத் தவறைச் சரிசெய்தது, ஆட்சி மாறிய பிறகு வந்த நாடாளுமன்றம்தான். 1978இல் 44ஆவது திருத்தம் மூலம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவு உரிமைகளை (குற்ற வழக்கில் பாதுகாப்பு, உயிர், தனிமனித சுதந்திரம்) நிறுத்திவைக்க முடியாது என்று எழுதினார்கள். நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே வெளிப்படையாகத் தள்ளியது 2017இல், தனியுரிமை வழக்கில். அத்தனை ஆண்டுகள் அது அப்படியே கிடந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால்? கடைசியில் என்னதான் முடிவானது?

தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு சொன்னது, ஆளுநர் முடிவெடுக்கக் காலக்கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதும் நவம்பரில் 5 நீதிபதிகள், நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் இல்லை என்றார்கள். ஆனால் ஆளுநருக்கு ஒப்புதல் தர மனமில்லை என்றால் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும், சும்மா வைத்திருக்க முடியாது. காரணமே சொல்லாமல் நீண்ட நாள் வைத்திருந்தால் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம், என்ன முடிவு என்று சொல்லாது. எனக்கு இது போதவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அவை நிறைவேற்றியதற்கு ஒரு கெடு தேதி இருக்கத்தான் வேண்டும். அதற்கு இப்போது இருக்கும் வழி மசோதாவை ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் 200ஆம் பிரிவைத் திருத்துவதுதான், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலானோரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.