“கட்டியங்காரன்னு திட்டுறாங்க, என்ன அர்த்தம்?” – கூத்துச் சொற்கள் கேள்வி பதில்

கூத்து, நாடகத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பேச்சில் வந்து உட்கார்ந்துவிட்ட கிண்டல் சொற்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் பாலக்கோடு பக்கம் ஒரு கூத்துக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவன். பதில்களில் பின்பாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம், கல்லூரி மாணவர்: அண்ணா, எதிர்த்துப் பேசினால் பாட்டி என்னைக் ‘கட்டியங்காரன்’ என்கிறார். திட்டா, பாராட்டா?

திட்டுதான் தம்பி, ஆனால் செல்லத் திட்டு. ராஜா வருகிறார் என்று பட்டப்பெயர்களை அடுக்கிக் கூவுவது கட்டியம். ராஜா வேஷம் வருவதற்கு முன்பே சபைக்கு வந்து கலகலப்பாக்குகிறவன் கட்டியங்காரன்; கோமாளி என்றும் சொல்வோம். துரியோதனன் மீசையை முறுக்கிக்கொண்டு, “அடே, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்பான். “மும்மாரி எங்கே மகாராஜா, ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வருது” என்பான் இவன். சபையில் ராஜாவை அப்படிப் பேச இவன் ஒருவனுக்குத்தான் உரிமை. வீட்டில் உனக்கு அந்த உரிமை கிடையாது என்கிறார் பாட்டி. சீவகன் கதையிலும் ஒரு கட்டியங்காரன் உண்டு. ராஜாவைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொண்ட மந்திரி அவன். பாட்டி அவனைச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கிருஷ்ணகிரி, அலுவலக ஊழியர்: ஜால்ரா அடிப்பது, ஒத்து ஊதுவது, பின்பாட்டுப் பாடுவது மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றே இல்லை ஐயா. இதற்காகவே இந்தக் கேள்வி பதிலை ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து என்று ஒரு குழல் இருக்கும். ராகம் கிடையாது, விரல் வேலை கிடையாது. ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். என்ன பாட்டு வாசிக்கிறார்கள் என்று ஊதுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. இப்போது பல இடங்களில் அந்த வேலையைச் சுருதிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி வாய் திறக்கும் முன்பே “கரெக்ட் சார்” என்கிற ஆள் இருந்தால் அவர் ஒத்து.

ஜால்ரா கைத்தாளம். சத்தம் அதிகம், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதிகாரி பேசி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டுகிறவர் இந்த வகை.

பின்பாட்டுக்காரன் கதையே வேறு. வேஷக்காரர் ஒரு அடி பாடிவிட்டு அடவு போடுவார். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, இடுப்பைச் சுற்றி விரித்துக் கட்டிய துணிகள், இத்தனையையும் சுமந்து ஆடுகிறவருக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் அதே அடியை எடுத்து நாங்கள் பின்னால் பாடுவோம். அவர் வரியை மறந்தால் நாங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தாளம் தவறினால் அடுத்த அடியில் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆக, பாட்டு முழுக்கத் தெரியாதவனால் பின்பாட்டுப் பாடவே முடியாது. தலைவருக்குப் பின்னால் தலையாட்டுகிறவரைப் ‘பின்பாட்டு’ என்று கிண்டல் செய்வதை எங்கள் குழுவில் யாரும் ரசிப்பதில்லை.

ஓசூர், இல்லத்தரசி: எங்கள் வீட்டுக்காரர் யார் வந்தாலும் “இங்கே அல்லி ராஜ்ஜியம்” என்று சிரிக்கிறார். என்ன பதில் சொல்ல?

அல்லி மதுரையை ஆண்டவள் என்பது கதை. ஆண்களை அண்டவிடாமல் பெண்களையே வைத்து ஆட்சி நடத்தினாள். அவளை நேருக்கு நேர் ஜெயிக்க அர்ச்சுனனால் முடியவில்லை. கண்ணன் தயவில் பாம்பு உருவம் எடுத்துப் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டினான். அடுத்த முறை வீட்டுக்காரர் ஆரம்பித்தால், விருந்தாளிகள் இருக்கும்போதே இந்தக் கதையைச் சொல்லுங்கள் அம்மா. அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

காவேரிப்பட்டணம்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கினால் அம்மா “படுகளத்துத் துரியோதனன்” என்கிறாரே?

பாரதக் கூத்தின் கடைசி நாளில், கோயில் திடலில் மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கு, கை காலை விரித்துக்கொண்டு, மீசையோடு கிடப்பான். பீம வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிவாள். தூங்கும்போது உங்களை யாராவது போட்டோ எடுத்துக் காட்டினால் அம்மா சொன்னதில் தப்பில்லை என்று தெரியும்.

சென்னை: காரிமங்கலத்து நண்பன் காலையில் போன் செய்தால் “கொட்டாயில் இருக்கிறேன்” என்கிறான். விடிந்ததும் சினிமாவா?

படத்துக்குப் போகவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். எங்கள் பக்கம் வயலோடு சேர்ந்த வீட்டுக்குக் கொட்டாய் என்று பெயர். நாலு வீடு சேர்ந்தால் ஊர்ப் பெயரே அப்படி ஆகிவிடும். டெண்ட் கொட்டாய்களில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த காலத்தில் இந்தக் குழப்பத்தால் ஆதாயமும் இருந்தது. “கொட்டாய்க்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் அது பொய்யும் ஆகாது, உதையும் விழாது.

அரூர்: ‘ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ உண்மையா?

யாரோ கூத்தாடியைப் பிடிக்காதவர் கட்டிய பழமொழி. ஊர் ரெண்டுபட்டால் முதலில் நிற்பது திருவிழாதான். சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கும், போலீஸ் வந்து உட்காரும், எங்களிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இதில் கொண்டாட்டம் எங்கே வந்தது? ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பது மட்டும் நிஜம். விடிந்தால்தான் எங்களுக்கு வேலை முடியும். மூன்று மணிக்கு மேல் அடிக்கடி கிழக்கே பார்க்கத்தான் செய்வோம்.

பர்கூர், பள்ளி ஆசிரியை: ‘சீன் போடுறான்’ இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்ததா?

‘சீன்’ நாடகக்காரர்களுக்குப் பழைய சொல் டீச்சர். தர்பார், காடு, தெரு என்று வரைந்த படுதாக்களைத்தான் சீன் என்பார்கள். பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்களும் பிடித்துக்கொண்ட பழக்கம். முன்னால் அரண்மனைத் துணி தொங்கும், பின்னால் வெறும் சுவர். இப்போது பிள்ளைகள் சொல்லும் அர்த்தத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கூத்தில் இந்தப் படுதாவெல்லாம் கிடையாது. ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

மத்தூர்: ‘மங்களம் பாடிட்டாங்க’ என்றால்?

கதை முடிந்தது என்று அர்த்தம். சீட்டுக் கம்பெனிக்கும் சொல்லலாம், கல்யாணப் பேச்சுக்கும் சொல்லலாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஊத்தங்கரைக்காரர்: என் பிள்ளைகள் கூத்தே பார்த்ததில்லை. எப்போது அழைத்து வரட்டும்?

கோடையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களைக் கவனியுங்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. ஒரு ராத்திரிதான் லீவு கிடைக்கும் என்றால் அர்ச்சுனன் தபசுக்கு வாங்க. உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வீசுவார். பிள்ளைகள் கொட்டாவி விட மாட்டார்கள். போர்வை கொண்டு வாங்க. முன்வரிசையில் மட்டும் உட்காராதீங்க. பெங்களூரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கோமாளிக்குத் தெரிந்தால், விடியும்வரை உங்கள் பேண்ட்டைப் பற்றியே பேசுவான்.