கோப்லென்ஸ் வழக்கு: கேள்வி பதில்

கே: சிரியாவில் நடந்த சித்திரவதைக்கு ஜெர்மனியில் எப்படி வழக்கு, ஐயா?

ப: 2002-இல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் எங்கே நடந்தாலும், யார் செய்தாலும் ஜெர்மன் நீதிமன்றம் விசாரிக்கலாம். அப்படி, கோப்லென்ஸ் என்ற ஜெர்மன் நகரத்து நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அன்வர் ரஸ்லான். சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் உளவுத்துறை கர்னல். அந்தத் துறையின் 251-ஆம் பிரிவில் விசாரணைகளுக்குப் பொறுப்பு. 2014-இல் ஜெர்மனிக்கு அகதியாக வந்தார். அடுத்த வருஷம் பெர்லின் போலீஸிடம் தானே போய், சிரிய உளவாளிகள் பின்தொடர்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். தான் யார் என்பதையும் சொல்லிவைத்தார்! 2019-இல் கைது. வழக்கில் புதைகுழி வேலைக்கு ஆள் ஏற்றிப்போனவர் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, குளிர்பதன லாரிகளில் பிணங்கள் வந்திறங்கியதைச் சொன்னார். 2022 ஜனவரி 13-இல் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை.

கே: ஹேக் நீதிமன்றத்துக்கே போயிருக்கலாமே?

ப: எந்த ஹேக் நீதிமன்றம்? சர்வதேச நீதிமன்றம் நாடுகளின் வழக்கைப் பார்க்கும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆட்களை விசாரிக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள். சிரியா இரண்டாவதில் உறுப்பினர் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பியிருக்கலாம். 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன.

கே: இந்தியா அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினரா?

ப: இல்லை.

கே: என் தம்பியின் அகதி மனு...

ப: அங்குள்ள வக்கீலைப் பாருங்கள்.

கே: வேண்டாத நாட்டு ஆள் மட்டும்தானே கூண்டில் ஏறுகிறார்?

ப: நியாயமான சண்டை, வாருங்கள். ஈராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையின் கொடுமைக்காக, அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் மீது 2004-இலும் 2006-இலும் ஜெர்மனியில் புகார் கொடுத்தார்கள். இரண்டையும் அரசு வழக்கறிஞர் எடுக்கவில்லை. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து இஸ்ரேலின் நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்தது. மூன்றே மாதத்தில், ஜெர்மன் தேர்தலில் ஜெயித்த மெர்ட்ஸ், அவர் ஜெர்மனி வந்துபோக வழி செய்வோம் என்றார். அந்த நீதிமன்றத்தின் உறுப்பினராக அவரைக் கைது செய்யக் கடமைப்பட்ட நாடு!

கே: அப்போ கோப்லென்ஸும் நாடகம்தானே, அண்ணா?

ப: அவசரப்படாதீர்கள். ரஸ்லானைத் தண்டித்தது நீதிமன்றம். அது அரசு சொல் கேட்காது. ஓட்டை அதற்கு முந்தின படியில் இருக்கிறது. தலைமை அரசு வழக்கறிஞர் நீதி அமைச்சருக்குக் கீழே. ஜெர்மனியோடு தொடர்பில்லாத வழக்கை எடுக்காமல் விடவும் சட்டம் இடம் தருகிறது. இந்த நீதிக்கு அரசு தரும் ஆதரவைப் பேச்சில் தேடாதீர்கள், அந்தப் படியில் பாருங்கள்.

கே: சிரியர்கள் போய்ப் பார்த்தார்களா?

ப: பார்த்தார்கள், ஆனால் விசாரணை ஜெர்மனில்! அரபு நிருபர்களுக்கே மொழிபெயர்ப்பு கிடையாது. 2020 ஆகஸ்டில் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கீகாரம் பெற்ற நிருபர்களுக்குக் கிடைத்தது.

கே: ரஸ்லானை ஹேக்கில் எந்தச் சிறையில்...

ப: முதல் பதிலிலிருந்து வாசித்துவிட்டு வாருங்கள், தம்பி.